ட்ராலியும் டோலியும்

ட்ராலி பஸ் என்று ஒரு வண்டி உண்டு. கூரைமேல் இரண்டு நீளக் கழிகள் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். தெருவுக்கு மேலே கட்டியிருக்கும் இரண்டு மின்கம்பிகளைக் கழிகளின் நுனி தொட்டுக்கொண்டே வரும். தொட்டால் ஓடும், விட்டால் நிற்கும். டிராமுக்கு ஒரு கம்பி போதும். வந்த மின்சாரம் தண்டவாளம் வழியாகத் திரும்பிப் போய்விடும். ட்ராலி பஸ்ஸுக்கோ ரப்பர் டயர். மின்சாரம் வீடு திரும்ப வழியில்லை. அதனால்தான் இரண்டாவது கம்பி, இரண்டாவது கழி. திருப்பத்தில் கழி நழுவிவிட்டால் கண்டக்டர் இறங்கி வந்து, கயிற்றைப் பிடித்து இழுத்து, கழியைக் கம்பியில் மறுபடி மாட்ட வேண்டும். அதுவரை தெருவே நின்று வேடிக்கை பார்க்கும்.

டோலி என்றும் ஒரு வண்டி உண்டு. அதற்கு ஒரே கழி, மூங்கில் கழி. அதில் கம்பளியையோ பழம்புடவையையோ இரு முனையிலும் முடிந்து, உள்ளே நோயாளியைக் கிடத்துவார்கள். முன்னால் இரண்டு தோள், பின்னால் இரண்டு தோள். இது ஜவ்வாது மலையில் ஓடுகிறது. ‘ஓடியது’ என்று திருத்த வேண்டாம், அச்சுப் பிழை இல்லை.

நகரத்துப் பெருந்தெருக்களில் ஓடிய ட்ராலி பஸ்களின் கதையை எழுதத்தான் உட்கார்ந்தேன். நாக்கு கொஞ்சம் வழுக்கியது, டோலி வந்து நின்றது. வந்ததைத் திருப்பி அனுப்ப மனமில்லை. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். பிறந்த வருஷத்தைப் பார்த்தால் இரண்டு கதைகளும் ஒட்டிப் பிறந்தவை.

1882 ஏப்ரல் 29. பெர்லின் நகரத்துப் புறப்பகுதியான ஹாலன்சேயில் வெர்னர் வான் சீமென்ஸ் ஒரு வண்டியை ஓட்டிக் காட்டினார். குதிரை இல்லை, தண்டவாளம் இல்லை, நீராவி இல்லை. மேலே கம்பி, கீழே சக்கரம். அரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். உலகத்தின் முதல் ட்ராலி பஸ் அதுதான்.

அதே 1882-இல் இங்கே சென்னை மாகாண அரசும் ஒரு வண்டியை ஓட்டிக் காட்டியது. அதன் பெயர் மதராஸ் வனச் சட்டம். மலையில் மரம் எது, மாடு எது, பாதை எது, விறகு எது என்பதையெல்லாம் அதுவரை அங்கே வாழ்ந்தவர்கள் தீர்மானித்தார்கள். அன்று முதல் அதிகாரி தீர்மானித்தார். காட்டுக்கு ஒரு எல்லைக்கல் நட்டார்கள். கல்லுக்கு உள்ளே இருந்தவர்கள் ஒரே ராத்திரியில் அத்துமீறி நுழைந்தவர்கள் ஆனார்கள். ஜவ்வாது மலையின் பழங்குடிகளுக்கு மலையாளி என்று பெயர், மலையை ஆள்பவர். இதைவிடச் சுருக்கமான அங்கதத்தை நான் எழுதப் போவதில்லை.

சீமென்ஸின் வண்டி ஜூன் மாதமே நின்றுவிட்டது. அவர் மூட்டை கட்டிக்கொண்டு போனார். அந்த வண்டியின் பிள்ளைகளும் பேரன்களும் நூற்றுக்கணக்கான நகரங்களில் ஓடி, மூப்படைந்து, பலவும் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. வனச் சட்டத்துக்கு மூப்பு கிடையாது. ‘மதராஸ்’ என்பதை ‘தமிழ்நாடு’ என்று மாற்றிப் புதுப் பெயின்ட் அடித்தார்கள். சட்டத்தின் தலைப்பில் 1882 என்ற எண் அப்படியே நிற்க, வண்டி இன்றும் ஓடுகிறது. கழி ஒருநாளும் நழுவியதில்லை.

இனி நகரத்துக் கதை. சென்னைக்கு ட்ராலி பஸ் வாய்க்கவில்லை. அதன் அண்ணன் டிராம் வாய்த்தது. 1895 மே 7 அன்று மதராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியபோது லண்டன் தெருக்களில்கூட மின்சார டிராம் இல்லை. நம் ஆட்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. முதலில் கம்பியை மேலே கட்டவில்லை. தண்டவாளங்களுக்கு நடுவே பள்ளம் வெட்டி, அதற்குள் மின்சாரத்தை ஓடவிட்டார்கள். வெள்ளைக்காரப் பொறியாளர்கள் எல்லாவற்றையும் கணக்குப் போட்டிருந்தார்கள், மதராஸில் மழை பெய்யும் என்பதைத் தவிர. பெய்தது. பள்ளத்தில் தண்ணீர் நின்றது. அதன் பிறகுதான் கம்பி மேலே ஏறியது. (நூற்று முப்பது ஆண்டுகளாக வடகிழக்குப் பருவமழை இந்த ஊருக்கு ஒவ்வொரு வருஷமும் எதிர்பாராத விருந்தாளிதான்.)

மவுண்ட் ரோட்டில் டிராம் போனது, பாரிமுனைக்குப் போனது, மயிலாப்பூருக்குப் போனது. கம்பெனி நொடித்தது. ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, 1953 ஏப்ரல் 12-ஆம் தேதியோடு டிராம் நின்றது. அதே 1953-இல் கொழும்பு மாநகரசபை ட்ராலி பஸ்ஸை இறக்கியது, அதுவும் மாடி வைத்த பஸ். நாம் கழித்துக் கட்டிய வருஷத்தில் அவர்கள் கம்பி கட்டினார்கள். பெருமை 1964 வரை நீடித்தது. பிறகு அங்கேயும் கம்பியைச் சுருட்டி வைத்துவிட்டார்கள்.

பம்பாய் கதை இன்னும் சுருக்கம். 1962 ஜூன் 11 அன்று கோவாலியா டேங்க்கிலிருந்து மசகான் டாக்குக்கு ட்ராலி பஸ் புறப்பட்டது. 1942-இல் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் முழங்கிய அதே கோவாலியா டேங்க். இருபது வருஷம் கழித்து அங்கே வந்த ட்ராலி பஸ்ஸையும் 1971 மார்ச் 24 அன்று வெளியேறச் சொல்லிவிட்டார்கள். ஒன்பது ஆண்டு வாழ்வு. பம்பாயில் சில அடுக்குமாடிகளுக்குச் சாரம் பிரிக்கவே அவ்வளவு காலம் ஆகும்.

காட்மாண்டு பாவப்பட்டது. சீனா தானமாகக் கொடுத்த ட்ராலி பஸ் அங்கே 1975-இல் ஓடத் தொடங்கியது. திரிபுரேஷ்வரிலிருந்து சூர்யவிநாயக் வரை 13 கிலோமீட்டர். இடையில் நின்றது, மறுபடி எழுந்தது, 2009-இல் ஒரேயடியாகப் படுத்தது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கவும் இல்லை, தீனி வைக்கவும் இல்லை.

இதையெல்லாம் வரிசையாகப் படித்தால் ஒன்று புரிகிறது. நகரத்துக்கு வண்டி என்பது குழந்தைக்குப் பொம்மை மாதிரி. வாங்கித் தர ஆள் இருக்கிறார். உடைத்தால் அடுத்தது வரும். மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆனது. டிராம் தண்டவாளம் போய்த் தார் வந்தது, தாருக்கு மேல் மேம்பாலம் வந்தது, தாருக்குக் கீழே மெட்ரோ வந்தது. தோண்டும்போது 2017 ஏப்ரல் 9 அன்று சர்ச் பார்க் அருகே சாலை வாய் பிளந்து, 25ஜி பஸ் ஒன்றையும் ஒரு காரையும் விழுங்கியது. நல்லவேளை, உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள். டி.வி. கேமரா வந்தது, அதிகாரிகள் வந்தார்கள், கிரேன் வந்தது. பஸ்ஸைத் தூக்கினார்கள், காரைத் தூக்கினார்கள், பள்ளத்தை மூடினார்கள். ஒரு தெருவில் ஒரு பள்ளம் விழுந்தால் இந்த அரசாங்கம் எவ்வளவு வேகமாக ஓட முடியும் என்பதை அன்று கண்குளிரப் பார்த்தோம். முடியாது என்று இனி யாரும் எங்களிடம் சொல்ல வேண்டாம்.

இப்போது மெட்ரோவின் இரண்டாம் கட்டம் நடக்கிறது. 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல் வருகிறது. மெட்ரோ வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் அதில் குளிரக் குளிரப் போகிறவன்தான். ஆனால் ஒவ்வொரு தடவை கதவு மூடி ‘அடுத்த நிலையம்’ என்று அந்த அம்மாள் இனிமையாகச் சொல்லும்போதும் எனக்கு ஒரு கெட்ட பழக்கம், மனசுக்குள் டோலியை நினைத்துத் தொலைக்கிறேன்.

ட்ராலி பஸ்ஸைப் பற்றி ஒரு முக்கியமான சேதியை இன்னும் சொல்லவில்லை. அது நகரத்துத் தட்டையான தெருவுக்காகவே பிறந்த வண்டி என்று நினைத்தால் தப்பு. அது மலையேறி. டீசல் பஸ் ஏற்றத்தில் கியரை மாற்றி மாற்றி முக்கும். மின்மோட்டாருக்கு நின்ற இடத்திலேயே முழு பலம் உண்டு, முக்காமல் ஏறும். இறங்கும்போது பிரேக் பிடிக்கிற சக்தியில் ஒரு பங்கைக் கம்பிக்கே திருப்பித் தரவும் முடியும். மேடு நிறைந்த சான் பிரான்சிஸ்கோவும் சியாட்டிலும் இன்றுவரை ட்ராலி பஸ்ஸைக் கைவிடாததற்கு அந்த மேடுகளும் ஒரு காரணம். கிரிமியாவில் சிம்ஃபெரோபோலிலிருந்து மலைக் கணவாயைத் தாண்டி யால்டா கடற்கரை வரை 86 கிலோமீட்டருக்கு ட்ராலி பஸ் கம்பி கட்டினார்கள். 1959-இல் பாதி வழி, 1961-இல் முழு வழி. உலகத்திலேயே நீளமான ட்ராலி பஸ் தடம் அது. மலைக்குக் கம்பி போகும், சக்கரம் போகும், டிக்கெட் கிழிக்க ஆளும் போகும் என்பது அறுபது வருஷத்துக்கு முன்பே நிரூபணமான காரியம்.

ஜவ்வாது மலைக்கு ட்ராலி பஸ் விடுங்கள் என்று நான் கேட்கப் போகிறேனோ என்று யாரும் பதற வேண்டாம். கம்பி கட்டக் கம்பம் வேண்டும், கம்பம் நட ரோடு வேண்டும். நாம் இன்னும் ரோட்டுக்கே வரவில்லை.

நியாயம் பேசிவிடுகிறேன். மலை முழுக்க ரோடு இல்லை என்று சொன்னால் அது பொய். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குப் பஸ் போகிறது. திருப்பத்தூர்ப் பக்கமிருந்தும் ஆலங்காயம் பக்கமிருந்தும் போகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் நம் அரசு பஸ் டிரைவர்கள் காட்டுகிற கைத்திறனுக்குத் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். ஆனால் பஸ் நிற்கிற இடத்தோடு மலை நின்றுவிடுவதில்லை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிற மலைத்தொடர் அது. மூன்று கலெக்டர்கள். மூன்று வீட்டுக்கு மாப்பிள்ளையானவன் பட்டினி கிடந்த கதைதான். பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, தார் தேய்ந்து ஜல்லியாகி, ஜல்லி தேய்ந்து மண்ணாகி, மண்ணும் தேய்ந்து ஒற்றையடிப் பாதையாகிப் பாறைகளுக்குள் காணாமல் போகிற இடங்களில் சிற்றூர்கள் இருக்கின்றன. அங்கேதான் டோலிக்கு வேலை.

எந்தப் பொருளுக்கும் இந்த மலையில் வழி இருந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. சந்தனக் கட்டைகள் ஜவ்வாது மலையிலிருந்து திருப்பத்தூர் அரசுக் கிடங்குக்கு இறங்க வழி இருந்தது. கட்டைக்கு நோய் கிடையாது, பிரசவ வலி கிடையாது. ஆனாலும் லாரி கிடைத்தது.

காவலூர் வானாய்வகத்தையும் சொல்லியாக வேண்டும். இருண்ட வானம் கிடைக்கும் என்று விஞ்ஞானி வேணு பாப்பு தேடி எடுத்த இடம். 2.34 மீட்டர் அகலக் கண்ணாடியைப் பெங்களூரில் தேய்த்துப் பதமாக்கி, ஒரு கீறல் விழாமல் மலைமேல் ஏற்றினார்கள். 1986-இல் பிரதமர் ராஜீவ் காந்தி தொலைநோக்கியைத் திறந்துவைத்தார். அதற்கு முன்பே, 1977 மார்ச்சில், யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான தடயத்தைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. உண்மையிலேயே பெருமைப்பட வேண்டிய விஷயம், எனக்கும் பெருமைதான். இருநூற்றைம்பது கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு கிரகத்தைச் சுற்றி மெல்லிய வளையம் இருப்பதை இந்த மலையிலிருந்து கண்டுபிடித்தார்கள். அதே மலைத்தொடரில் அல்லேரிக்கு மேலே ஊர்கள் இருப்பதைக் கண்டுபிடிக்க அரசாங்கத்துக்கு ஒரு குழந்தையின் பிணம் தேவைப்பட்டது.

அந்தச் செய்திக்குப் போகும் முன் டோலியின் தொழில்நுட்ப விவரங்களைக் கொடுத்துவிடுகிறேன். புது வண்டி வாங்குகிறவர்களுக்கு ஷோரூமில் ஒரு வழவழ தாள் தருவார்களே, அதுபோல.

மாடல்: மூங்கில். தயாரிப்பு: இன்று காலை வெட்டியது. (வெட்டியதற்கு வழக்கு வந்தால் கம்பெனி பொறுப்பல்ல.) இருக்கை: ஒன்று, படுக்கை வசதியுடன். இழுவைத் திறன்: நான்கு ஆள், மாற்றுக்கு நான்கு ஆள். எரிபொருள்: சாமைச் சோறு, கேழ்வரகுக் களி. கரிப்புகை: பூஜ்யம். பசுமைப் போக்குவரத்துக்கு விருது கொடுக்கும் அமைப்புகள் கவனிக்கவும். முகப்பு விளக்கு: செல்போன் டார்ச். சிக்னல் கிடைக்காத ஊரில் செல்போனுக்கு வேறு வேலை இல்லை. மழைக்காலச் செயல்பாடு: ஓடையில் தண்ணீர் வடியும் வரை கரையில் நிறுத்தி வைக்கப்படும். ஹாரன்: உள்ளே இருப்பவரின் முனகல். முனகல் நின்றால் வண்டி தானாகவே திரும்பி வீட்டுக்குப் போகும்.

இதில் இன்னொரு சிக்கனமும் உண்டு. பிறந்த குழந்தைக்குத் தூளி கட்டுகிற அதே புடவை. அதையே கழியில் முடிந்தால் டோலி. பாடை கட்ட மூங்கிலுக்கும் தனியாகப் போக வேண்டியதில்லை. ஒரே உதிரி பாகங்களை வைத்து ஒரு ஆயுளையே ஓட்டிவிடலாம். எந்தக் கார் கம்பெனிக்கும் இந்த வித்தை வரவில்லை.

2023 மே மாதக் கடைசி. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டாரம், அல்லேரி மலையில் அத்திமரத்துக்கொல்லை. ஒன்றரை வயதுக் குழந்தை வீட்டு வாசலில் தூங்கிக்கொண்டிருந்தது. பாம்பு கடித்தது. தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார்கள். சரியான சாலை இல்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே குழந்தை போய்விட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்தது. திரும்பி வரும்போது ஆம்புலன்ஸ், ரோடு முடிந்த இடத்தில் நின்றுவிட்டது. மேற்கொண்டு போக வழியில்லை. மிச்சத் தூரத்தை, பத்துக் கிலோமீட்டர் அளவு என்று செய்திகள் சொல்லின, குழந்தையின் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு தாய் நடந்தாள்.

இங்கே எனக்கு நையாண்டி வரவில்லை. வந்தால் என் கையை நானே வெட்டிக்கொள்ள வேண்டும்.

படம் செய்தித்தாளில் வந்தது. அதிகாரிகள் மலையேறினார்கள். அறிவிப்புகள் வந்தன. உச்சுக் கொட்டினோம், பகிர்ந்தோம், அடுத்த செய்திக்குப் போனோம். பாம்பைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அதற்கு எந்தத் துறையும் நிதி ஒதுக்கவில்லை. அந்தக் குழந்தையைக் கொன்றது பாதி பாம்பின் விஷம், மீதிப் பாதி கோப்பு. விஷத்துக்காவது முறிவு மருந்து உண்டு.

அந்தக் கோப்பு எப்படி நகர்கிறது, அல்லது நகராமல் கிடக்கிறது என்பதை ஒரு சின்ன நாடகமாகப் போட்டுப் பார்க்கலாம். பாத்திரங்கள் கற்பனை. வசனத்தை அரசு ஆபீஸ் படி ஏறிய எவரும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

“ஐயா, எங்க ஊருக்கு ரோடு வேணுங்க.”

“போட்டுடலாம் பெரியவரே. ஊரு எங்க இருக்கு?”

“மலைக்கு மேலங்க.”

“அப்ப அது ஃபாரஸ்ட்டு. அங்க போய்க் கேளுங்க.”

அடுத்த ஆபீஸ்.

“ஐயா, ரோடு…”

“நாங்க என்ன ரோடு போடுற டிபார்ட்மென்டா? பி.டி.ஓ. ஆபீஸ்ல கேளுங்க.”

“அங்கதாங்க இங்க அனுப்புனாங்க.”

“அப்ப பிரபோசல் வரட்டும்.”

“போன வருசமே வந்துச்சுங்களே.”

“அது பேப்பர்ல வந்துச்சு. ஆன்லைன்ல வரணும்.”

“எங்களுக்கு டவரு இல்லீங்களே ஐயா.”

“டவர் வைக்கணும்னா சாமான் மேல போவணும். சாமான் போக ரோடு வேணுமே பெரியவரே.”

பெரியவர் கும்பிட்டுவிட்டு இறங்குகிறார். கடைசி பஸ் நாலரை மணிக்கு.

சட்டத்தில் வழியே இல்லை என்று சொன்னால்கூட மனசு ஆறும். வழி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2). பள்ளிக்கூடம், மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர், மின்கம்பி, சாலை என்று பதின்மூன்று வகைத் தேவைகளுக்கு வனநிலத்தை விட்டுக்கொடுக்கலாம் என்று பச்சையாக எழுதியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை.

ஒரு ஹெக்டேர் என்பது பத்தாயிரம் சதுர மீட்டர். நாலு மீட்டர் அகலத்துக்கு ரோடு போட்டால் இரண்டரைக் கிலோமீட்டர் வரும். அதைத் தாண்டினால் 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக மத்திய அரசின் அனுமதிக்குக் கோப்பு போக வேண்டும். ஆகவே மலைவாழ் மக்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாம்பு கடிக்கும்போது தார் ரோட்டிலிருந்து இரண்டரைக் கிலோமீட்டருக்குள் படுத்திருக்கவும். பிரசவ வலியையும் அந்த எல்லைக்குள் வைத்துக்கொண்டால் நிர்வாகத்துக்குச் சௌகரியம்.

காட்டைக் காப்பாற்றத்தான் இவ்வளவு கெடுபிடி என்று நண்பர்கள் சிலர் சொல்வார்கள். காடு எனக்கும் வேண்டும். மலையில் ரோடு போட்டால் அதே ரோட்டில் ரிசார்ட் ஏறும், குவாரி லாரி ஏறும், பிளாஸ்டிக் ஏறும் என்கிற பயத்தில் நியாயமும் உண்டு. ஆனால் அந்தப் பயம் எப்போதும் டோலிக்குள் கிடப்பவரின் நெஞ்சின் மேலேயே ஏறி உட்காருவானேன்? பணம் கொடுத்து வருகிறவனுக்குச் செக்போஸ்ட் வைக்கத் தெரியாத நிர்வாகம், நோயாளிக்குப் பாதை மறுப்பதற்குப் பெயர் சூழலியல் என்றால், அந்தச் சொல்லை அகராதியிலிருந்தே எடுத்துவிடலாம்.

ரோடு இல்லாத மலைக்கும் தவறாமல் வந்து சேர்கிற வாகனங்கள் சில உண்டு. ஒன்று தேர்தல். தர்மபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்கு ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குப்பதிவு இயந்திரம் கழுதைமேல் ஏறிப் போகிறது. பத்திரிகைகள் அதைப் படம் பிடித்து ‘ஜனநாயகத்தின் அழகு’ என்று தலைப்பு வைக்கின்றன. அழகுதான், கழுதையின் பங்கு வரைக்கும். வாக்கு இறங்கிவிடுகிறது. வாக்களித்தவர் இறங்கும்போது கழுதையும் கிடைப்பதில்லை.

இன்னொன்று செம்மரப் புரோக்கரின் வண்டி. நேரம் தவறாது, அட்வான்ஸ் கொடுக்கும், அடிவாரத்துக்கே வந்து நிற்கும். மலையில் வேலையில்லாத ஆண்களைச் செம்மரம் வெட்ட ஆந்திரத்துக் காட்டுக்கு அள்ளிக்கொண்டு போகும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர சிறப்புப் படை இருபது பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். சிலரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சொன்னார்கள். ஆயுள் முழுக்கப் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு சனத்துக்கு, ஏறிய பஸ்ஸிலிருந்தும் இறங்க வேண்டி வந்தது. அந்த இருபது உடல்களும் ஊர் திரும்ப மட்டும் வண்டி கிடைத்தது.

2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம். லட்சக்கணக்கான பெண்களின் சுருக்குப் பையில் காசு மிஞ்சுகிறது. ஆனால் பஸ்ஸே வராத ஊர்ப் பெண்களுக்குப் பயணம் 1882-இலிருந்தே இலவசம்தான். அந்தச் சாதனையை எந்த அரசும் ஏனோ விளம்பரம் செய்துகொள்ளவில்லை.

கோடை விழாவையும் சொல்லாமல் விட்டால் பாவம். ஒவ்வொரு ஆண்டும் ஜமுனாமரத்தூரில் ஜவ்வாது மலைக் கோடை விழா நடக்கும். பந்தல் போடுவார்கள். சாமையும் தேனும் கடுக்காயும் காட்சிக்கு வரும். மலைவாழ் மக்களின் பாரம்பரியத்தைப் போற்றி மேடையில் பேசுவார்கள். பாரம்பரியம் என்று எதைச் சொல்கிறார்கள் என்பதில்தான் எனக்குக் குழப்பம். தோள்மாற்றித் தோள் நோயாளியைத் தூக்குவதும் அதில் அடக்கம் என்றால், அதை விடாமல் காப்பாற்றி வரும் பெருமை முழுவதும் மேடையில் உட்கார்ந்திருப்பவர்களையே சேரும்.

ஆகவே அடுத்த கோடை விழாவுக்கு எழுந்தருளப் போகும் மாண்புமிகு அமைச்சர் பெருமக்களுக்கும், மூன்று மாவட்ட ஆட்சியர்களுக்கும், வனத்துறை, நெடுஞ்சாலைத் துறை, ஊரக வளர்ச்சித் துறை உயர் அலுவலர்களுக்கும் ஒரு பணிவான விண்ணப்பம். இந்த முறை போளூர் வழியாகக் காரில் வர வேண்டாம். அல்லேரி வழியாக வாருங்கள். ரோடு முடியும் இடத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்குங்கள். டோலி தயாராக இருக்கும், மூங்கில் புதிதாக வெட்டி வைத்திருப்போம். தூக்க ஆள் இருக்கிறார்கள், பாதை அவர்கள் காலுக்குத் தெரியும், உங்களைக் கீழே போட மாட்டார்கள். உங்கள் எடையை மட்டும் இரண்டு நாள் முன்னதாகத் தெரிவியுங்கள். எத்தனை தோள் வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும்.